ஒப்பீட்டு ஓடை

செங்கமலவல்லி, தன் வீட்டுப் பெருமாளின் திருமஞ்சனத்துக்கு நீர் முகக்கும் ஓடையில் கெண்டைகள் துள்ளின. மார்கழி முழுதும் பாசுரம் பாடியபடி அவளே குப்பை அள்ளிய ஓடை அது. ஆனால், நீரின் தூய்மையை அளக்க அரசு மிதக்கவிட்டிருந்த பேசும் பொறி அவளைக் கடிந்துகொண்டது.

“பாசுரத்தோட நிறுத்தியிருக்கக் கூடாதாம்மா? அரசு பணம் போட்டுச் சீராக்குறது மேலை ஓடையை. இது, ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகச் சீராக்காம விட்டது. இதுவும் தானாத் தேறிட்டதாக் கணக்காகிட்டா, திட்டத்தால என்ன பலன்னு அங்கே வேலையை நிறுத்திடுவாங்க.”

மேலை ஓடை நீரில்தான் அவள் மகள் பயிரிடுகிறாள்.

“இப்போ நான் என்ன செய்யட்டும்?”

“அள்ளினதைத் திரும்பக் கொட்டிடுங்க.”

குப்பைக் கூடையுடன் அவள் நீரில் இறங்கினாள். நாள்தோறும் பொரி இடும் கை என்று நம்பிக் கெண்டைகள் அவள் காலடியில் மொய்த்தன.

“பெருமாளே, இதில் எது உன் கைங்கரியம்?” என்றாள்.

பாதி சாய்ந்த கூடை மேலும் சாயவும் இல்லை, நிமிரவும் இல்லை.