பதினெட்டுக் கம்பி

“பையைத் திற.”

“எதுக்குக்கா?”

“திறன்னா திற!”

பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் அக்கா போட்ட சத்தத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிற நேரம். எல்லாருக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்தான். ஆனாலும் அடுத்தவன் மாட்டிக்கொள்வதைப் பார்க்க ஐந்து நிமிஷம் கிடைக்காமலா போய்விடும்?

வெல்டர் பையைத் திறந்தான். உள்ளே, ரெண்டாக மடக்கிப் பழைய சட்டையில் சுருட்டிய ஃபில்லர் கம்பிகள், வெல்டிங்கில் உருக்கி இணைப்பை நிரப்புகிறவை.

“பதினெட்டு,” என்று எண்ணி முடித்தாள் அக்கா. “மூணு நாளா நான் தேடுற கம்பி. அடப்பாவி!”

அவளும் பாவம், என்னதான் செய்வாள்? வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன். ராத்திரியில் நாலு தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விடிந்தால் ஸ்டோர். போன மாசம்தான் தூக்கக் கலக்கத்தில் ஏதோ தப்பு செய்து மெமோ வாங்கியிருந்தாள். “இன்னொரு தடவை நடந்தா வீட்டுக்குப் போயிடுங்கம்மா” என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தச் சம்பளம் நின்றால் மருந்தும் நிற்கும்.

இப்போது கம்பி குறைந்தால் பழி யார் தலையில் விடியும்?

இவன்மேல் அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றுகிற ஆலைக்கு ஸ்டெயின்லெஸ் குழாய் செய்கிறார்கள். அதற்கு ஆர்கான் வெல்டிங் போட இவன் ஒருத்தன்தான். கரன்ட்டைக் குறைத்து வைத்து ஒரு சுற்று ஓட்டுவான். சூடு ஆறுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால், “சூடு அதிகமானா பின்னாடி துரு பிடிக்கும்” என்பான். பட்டறையில் அவன் பேரே ‘ஆமை’.

அந்த ஆமை மூணு நாளாக மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஆனால் முடித்த ஜாயின்ட் கொஞ்சம், வாங்கிய கம்பி அதிகம். “வளைஞ்சு போச்சுக்கா, வேற குடுங்க” என்று தினமும் வந்து நின்றான். வளைஞ்சதைக் கொண்டாடா என்றால் தலையைச் சொறிந்தான்.

மாடியில் மேனேஜர் கேட்டார். “எடுத்தியா?”

“எடுத்தேன் சார்.”

“எதுக்கு?”

வெல்டர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

“விக்கறதுக்கா?”

அதற்கும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றான்.

மேனேஜருக்கும் களைப்பு. அதிகம் கத்தவில்லை. “நாளையிலேர்ந்து வராதே. அம்மா, அந்தக் கம்பியை 316 பெட்டியிலயே போட்டுடுங்க. நல்லவேளை, நீங்களாவது முழிச்சிட்டிருந்தீங்க.”

முழித்துக்கொண்டிருந்தாளாம்! அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கீழே வந்து ஸ்டோரைத் திறந்தாள். உப்புத் தண்ணீர்க் குழாய்க்கான ரகக் கம்பி இருக்கிற, 316 என்று எழுதிய பெட்டியின் மூடியைத் தூக்கினாள். தன் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிய வெல்டர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

“அதுல போடாதீங்கக்கா!”

“கையை விடுடா! உன்னைக் கேட்டுத்தான் போடணுமா?”

“கண்ணாடியை மாட்டிட்டு நுனியைப் பாருங்க.”

பார்த்தாள். நுனியில் பொடி எழுத்தில் குத்தியிருந்தது 308.

இன்னொன்றை எடுத்தாள். 308. பதினெட்டிலும் அதுதான்.

நுனியில் இருக்கிற நம்பரை விட்டால் ரெண்டு கம்பிக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் 308 சாதாரணத் தண்ணீருக்குத்தான் தாங்கும். உப்புத் தண்ணீர் ஓடினால் ஜாயின்ட் அரித்து ஓட்டை விழும்.

“இதையா… நானா குடுத்தேன்?”

“தூக்கக் கலக்கத்துல பெட்டி மாத்தி எடுத்திருக்கீங்க, நீங்க குடுக்குற கட்டுக்கு ஆறு ஏழு 308 கலந்து வருது. முதல் நாள் நான் கவனிக்காம ரெண்டு ஜாயின்ட் போட்டுட்டேன். அறுத்துட்டு மறுபடி போட்டாச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா நம்பர் பாத்துப் பொறுக்கிட்டேன். குழாயில ஒண்ணுகூடப் போகலை, பயப்படாதீங்க.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!”

“உங்ககிட்டயா? உங்க வயித்துல எதாவது தங்குமா? அடுத்த நிமிஷமே மாடிக்கு ஓடி, தப்பு பண்ணிட்டேன் சார்னு நிப்பீங்க. எனக்கு வேற பட்டறை கிடைக்கும்க்கா. உங்களுக்கு யாரு குடுப்பா? பேசாம அதைப் பழைய இரும்புல போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. அண்ணன் காத்திருப்பாரு.”

போய்விட்டான்.

அக்காவுக்கு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. பழைய இரும்புத் தொட்டி நாலடி தூரத்தில்தான். யாருக்குத் தெரியப்போகிறது? மாத்திரை இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் இருக்கிறது. வாங்கியாக வேண்டும்.

எழுந்தாள். தொட்டி வரைக்கும் போனாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். “என்னம்மா, இன்னொருத்தனையும் பிடிச்சிட்டீங்களா?”

“பிடிச்சிட்டேன் சார்,” என்று கம்பிகளை நீட்டினாள். “கேட் வாட்ச்மேனுக்கு ஃபோன் போட்டு அவனை நிறுத்துங்க. வீட்டுக்குப் போகவேண்டியவ நான்தான்.”