இன்ஸ்பெக்டர் வரும் நாள்

"கத்துக்கறதுல சிரமம் உள்ள பிள்ளைங்களோட உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, சார்."

கேட்டுவிட்டுத் தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தாள். இந்தப் பதிலை எழுதிக்கொள்ளும் அவசியம் அவளுக்கு இல்லை.

எதிரே இருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். தலைக்குச் சாயம், சட்டைக்குக் கஞ்சி, பேச்சுக்குத் தேன். சிறப்புக் கல்விப் பிரிவின் பொறுப்பாளர் வேலை எப்படியாவது கிடைத்தாக வேண்டும் என்பது நாற்காலி நுனியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால், மூடிய கதவருகே பூட்டுக்காரர் ஒருவர் குந்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் பூட்டு மக்கர் செய்தது, சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான் என்று ஆரம்பித்தார். ஒரு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. எழுத்தெல்லாம் நகருது சார் என்று அழுவானாம். ஊரே மக்கு என்று ஒதுக்கியபோது இவர் மட்டும் அவனைத் தனியே உட்காரவைத்து, மணலில் விரல் பிடித்து எழுதவைத்தாராம். சொல்லும்போதே கண் கலங்கியது. அடேயப்பா, என்ன நடிப்பு!

தனியே உட்காரவைத்தது மட்டும் நிஜம்.

அந்தப் பையன் அவளுடைய தம்பி. அவள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வாசிக்கத் தெரியாதவன் அவர் கண்ணில் படக் கூடாது. தம்பியை விளையாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளி, வெளியே பூட்டிவிடுவார் இந்தப் புண்ணியவான். உள்ளிருந்து தட்டினால், "இன்ஸ்பெக்டர் இன்னும் போகலடா" என்பார்.

ஒருநாள் இன்ஸ்பெக்டரும் போனார், மணியும் அடித்தது, ஆசிரியரும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். மறந்துவிட்டாராம்.

அவள்தான் பள்ளி முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தாள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அடி இடுக்கில் நீண்டிருந்த தம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காவலாளி வந்து பூட்டை உடைத்தபோது அவனுக்கு அழக் குரல் இல்லை. அன்றோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு.

விண்ணப்பங்களுக்கு நடுவே இந்தப் பெயரைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் இவரை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள் என்று எழுத்தரிடம் சொன்னாள்.

அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டாள்.

எஞ்சினியராம். வெளிநாட்டிலாம். மாதம் ஒரு தடவை போனில் கூப்பிட்டு, "நீங்க இல்லேன்னா நான் இல்ல சார்" என்று அழுகிறானாம்.

பின்னால் ஸ்க்ரூடிரைவர் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முடிவு தபாலில் வரும் என்றாள். பக்கவாட்டுக் கதவு வழியாக அடுத்த அறைக்குப் போய், சத்தமில்லாமல் தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டு, அத்தனை வருஷங்களுக்கு முன்பு போலவே, கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

உள்ளே செருப்புச் சத்தம் வாசல் கதவு வரை போனது. கதவில் கைப்பிடி இல்லை. அது பூட்டுக்காரரின் பைக்குள் இருந்தது.

"என்னய்யா இது? திறய்யா, நேரமாகுது!"

பூட்டுக்காரர் சாவகாசமாகப் பையின் ஜிப்பை இழுத்து மூடுவது கேட்டது.

"இன்ஸ்பெக்டர் இன்னும் போகலையே, சார்."