புழுவின் பங்கு

பருத்தி விதைப் பையைப் பிரித்தால் உள்ளே இன்னொரு சின்னப் பாக்கெட் இருக்கும். ஊரில் அதற்குக் கொசுறு என்று பேர். பெரிய பையில் இருப்பது புழுவைக் கொல்லும் விதை. கொசுறு, புழு தின்கிற விதை. அதைப் புஞ்சையைச் சுற்றி விதைத்தால், நடுச்செடியின் விஷத்துக்குப் புழுக்கூட்டம் பழகிப்போகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எல்லோரும் கடை வாசலிலேயே அதை வீசிவிட்டு வந்தார்கள். அன்னக்கொடி மட்டும் வருஷம் தவறாமல் விதைத்தாள்.

"புழுவுக்கு விருந்து வைக்கிற ஒரே சம்சாரி நீதாம்மா" என்று பக்கத்துப் புஞ்சை குருவையா சிரிப்பார்.

"தின்னுட்டுப் போகட்டும்ண்ணே."

புழுவைக் கொல்லும் இந்த விதை வந்த பிறகுதான் மருந்தடிக்கிற டேங்க் பரணுக்குப் போனது. மருந்து நெடியில் வாந்தியெடுத்துக்கொண்டே இருந்த அவள் புருஷன் சீனிராசு தின்ற சோறு வயிற்றில் தங்கியது.

இந்த வருஷமும் ஓரச்செடிகளில் வழக்கம்போல ஓட்டை. நடுவில் காய்கள் பளபளவென்று நின்றன. ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு கொழுத்துக் கிடந்தது. அடுத்த காயிலும் ஒன்று. ஓரத்தில் கொசுறே இல்லாத குருவையாவின் புஞ்சைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"காய் எப்படி இருக்கு?" வரப்பிலிருந்து சீனிராசு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு."

புழுவை அவள் நசுக்கவில்லை. உள்ளங்கையில் ஏந்தி ஓரம்வரை நடந்து, கொசுறுச் செடியின் காய்மேல் விட்டாள்.

"இதுதானப்பா ஒன் எடம்."

அது தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு திரும்பி, அவள் விரலிலேயே ஏறியது.