ஒருமனதாக

தோழர் மாசிலாமணி காட்டிக்கொடுத்தவர், அவரைச் சுட்டுவிடுவது என்பது தீர்மானம். உண்மையில் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ‘இது நியாயமா?’ என்று கேட்க அவருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் நியாயம், தர்மமெல்லாம் முதலாளி வீட்டுச் சரக்கு, வர்க்கத்துக்கு எது நல்லது என்று மட்டும் கேளுங்கள் என்று இந்தக் காட்டு முகாமில் இந்தத் தோழர்களுக்குப் பத்து வருடம் வகுப்பெடுத்தவரே அவர்தான்.

எதிரே எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைமை வகித்த கோமளா அவரைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

“தீர்மானம் ஒருமனதா இருக்கணும்னு நீங்கதானே தோழர் சொல்லிக்குடுத்தீங்க? நீங்களும் இன்னும் உறுப்பினர்தான்.”

ஒருவரும் கையை இறக்கவில்லை. பாவம், பிள்ளைகளுக்குக் கை வலிக்குமே என்று அவர் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில், தன் வலது கை மடியிலிருந்து மெல்ல எழுவதைக் கண்டார்.