முதல் நாற்காலி

மேனேஜர் ஜோயல் மண்தரையில் மண்டியிட்டு, ரத்தினத்தின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தார். குடிசைக்குள் தலையை நுழைத்த உபதேசியார் சவரிராயனால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்துப் பெரிய வியாழன். கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ வேண்டும். முதல் நாற்காலி வழக்கம்போல் ஜோயலுக்கு. அது காலியாகக் கிடக்கவே, பாதிப் பூசையில் உபதேசியாரைத் தேட அனுப்பியிருந்தார்கள். ரத்தினத்தின் வீட்டு முன்னால் கம்பெனி வேன் நிற்பதைப் பார்த்துத்தான் சைக்கிளை நிறுத்தினார்.

ரத்தினம், வல்லத்துப் பக்கம் ஜோயல் மேனேஜராக இருக்கும் சாயக் கம்பெனியில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவன். அந்தப் பன்னிரண்டு பேரில் தானும் ஒருவனாக உட்கார வேண்டுமென்று வருஷா வருஷம் கேட்பான். "தொட்டியில எறங்குற காலுய்யா. சாமியார் எப்டித் தொடுவாரு?" என்று வருஷா வருஷம் தட்டிக் கழித்தவர் இதே ஜோயல்தான். கோயிலுக்குக் கோபுரம் கட்டிக் கொடுத்தவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

இன்று அவர்தான் கீழே கிடந்தார். ரத்தினம் கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். சிம்னி விளக்கு கால்மாட்டில் இருந்தது. தலைமாட்டு இருட்டில் அவன் பெண்டாட்டி கிளியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கும் எறங்குன்னேன். மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல," என்றார் ஜோயல், முழங்கால் வரை ஏறியிருந்த நீலக் கறையைத் தேய்த்தபடியே. கறை போவதாயில்லை.

பானைத் தண்ணீரை மொண்டு ஊற்றி உள்ளங்காலைத் தேய்த்தார். அங்கே விரல் பட்டாலே கூச்சத்தில் துள்ளுகிற ரத்தினம், இன்று கால்களை அசைக்கவேயில்லை. வீம்பு! இத்தனை வருஷ அவமானம் சும்மா போகுமா, பெரிய மனுஷன் நன்றாகத் தேய்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார் உபதேசியார். அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

கோயில் ஒலிபெருக்கியில் சாமியாரின் பிரசங்கம் இங்குவரை கேட்டது. "உங்கள்ல பெரியவனா இருக்க ஆசப்படுறவன், எல்லாருக்கும் வேலைக்காரனா இருக்கணும்..."

ஜோயல் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"உபதேசியாரே, மணி அடிக்கணுமே."

"இப்ப எப்டிங்க? பூசையில வானவர் கீதம் பாடுனதோட மணிய நிறுத்தியாச்சே. இனிமே சனிக்கிழம ராத்திரி பூசைக்குத்தான் அடிக்கலாம்."

"அதுவும் இல்லியா?" என்று முனகிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார் ஜோயல்.

மனுஷன் குனிந்ததற்கும் மணியடித்து ஊரைக் கூட்ட வேண்டுமாக்கும் என்று எரிச்சல் வந்தது உபதேசியாருக்கு. இருந்தாலும் சமயத்தை விடக் கூடாது. இரும்பு சூட்டோடு இருக்கும்போதே அடித்துவிட வேண்டும்.

"சார், கோச்சிக்காதீங்க. இந்த வருசம் உங்க நாற்காலியில ரத்தினம் உக்காரட்டுமே? சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஜோயல் ஈரக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுப்பு ஒன்றும் வரவில்லை.

அது போதும் உபதேசியாருக்கு. "இன்னா கிளியம்மா, பாத்துகினு கீறே? சட்டுனு ஒரு வெள்ளச் சட்ட எடுத்து மாட்டிவுடு. சைக்கிள்ல வச்சி நானே இட்டுகினு போறேன். ஊரே பாக்கட்டும், மொத நாற்காலி உன் வூட்டுக்காரனுக்குத்தான்!"

கிளியம்மாள் மெல்ல எழுந்து வெளிச்சத்துக்கு வந்தாள். அழுகிற சக்திகூட அவளிடம் இல்லை.

"நாற்காலி வேணாங்க. சவப்பொட்டிக்கு ஆசாரிய வரச் சொல்லுங்க."