இரவல் டயர்

மலையடிவாரத்து ஊரில் செவ்வந்தி என்று ஒரு வேன் இருந்தாள். அவளுடைய முன்பக்க டயர் தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டதால் எல்லாருக்கும் அவன் மொட்டையன். வருஷாவருஷம் வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எஃப்.சி. சோதனைக்குப் போகும் அன்று மட்டும் அவனைக் கழற்றி வைத்துவிட்டு ஓர் இரவல் டயரை மாட்டுவார்கள்.

"ஒருநாள் கூத்து! இந்தச் சோதனையையே எடுத்துத் தொலைச்சா என்னவாம்?" என்று இந்த வருஷச் சோதனையன்று காலையில் அலுத்துக்கொண்டாள் செவ்வந்தி.

"வேணாங்க்கா," என்றான் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மொட்டையன். "இன்னிக்கு ஒருநாள்தான் நான் பயமில்லாம இருக்கேன். மத்த நாளெல்லாம், எந்த வளைவுல வெடிச்சிடுவேனோன்னு உசுரு போய் உசுரு வருது."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க பாடிக்கிட்டே மலை இறங்குவீங்க. கெடுக்க மனசு வரலக்கா."

அன்று வழியெல்லாம் செவ்வந்தி பாடவில்லை. சோதனை முடிந்து, சான்றிதழ்மேல் முத்திரைக்கட்டை இறங்கப்போன நேரம், "அண்ணே, நில்லுங்க. இது என் டயரில்ல" என்று சொல்லிவிட்டாள்.

முத்திரை அந்தரத்திலேயே நின்றது. "எத்தனையோ வருஷமா குத்துறேன், இப்படி ஒரு மக்கு வண்டியைப் பார்த்ததில்ல" என்றது. ஆனால் குத்தவில்லை.

புது டயர் வரும்வரை ஓட்டமில்லை என்று ஆகிவிட்டது. மறுநாள் வெயில் ஏறியும் மொட்டையன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். செவ்வந்தி ஹாரனை விழுங்கிக்கொண்டு பக்கத்திலேயே அசையாமல் நின்றாள்.