பாலிகை விதை

தன் மகனை ஒருமுறைகூட டாக்டரிடம் அனுப்பாமல், மருமகள் சுகந்திக்கு மலடி என்று பட்டம் கட்டி விலக்கிவைத்தவள் வேதவல்லி. இப்போது மகன் தியாகுவின் இரண்டாம் கல்யாணத்துக்கு, பாலிகைச் சட்டிகளில் முளைக்கப் போட விதை வேண்டியிருந்தது. ஊரில் இருந்த ஒரே தானியக் கடை சுகந்தியின் அண்ணனுடையது; இப்போது அதைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். பெண் வீட்டாரும் அங்கேதான் சொல்லியிருந்தார்கள்.

சுகந்தி நெல்லையும் பயறையும் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் நெடுநேரம் புரட்டினாள். நிறம் மாறுவதற்குள் இறக்கி, ஆறவைத்து, மாப்பிள்ளை வீட்டுப் பொட்டலத்தைக் கட்டினாள். பெண் வீட்டுக்கு வறுக்காத விதையையே வைத்தாள். அந்தப் பெண்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வேதவல்லி மகனோடு கடைக்கு வந்து நின்றாள்.

"ஏண்டி, பாலிகையெல்லாம் வெறும் மண்ணா கெடக்கு. என்னத்தக் குடுத்துத் தொலைச்ச?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே மூட்டையிலதான் அள்ளினேன் அத்தை. பொண்ணு வீட்டுல எப்படி?"



"எங்க வீட்டுல விரல் நீளத்துக்கு வந்திருக்கே," என்றாள் கல்யாணப் பெண்ணின் சித்தி, பாசிப்பருப்பு வாங்க வந்திருந்தவள்.

"அப்ப விதையில குறை இல்ல, வெதச்ச வீட்டுலதான்," என்றாள் சுகந்தி, கடை முழுக்கக் கேட்கும்படி.

சித்தி பருப்பை மறந்து, தியாகுவைத் திரும்பிப் பார்த்தாள்.